வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்ன கேட்க வேண்டும்? தோட்டப் பட்டணத்து வகுப்பறையும் விமர்சன எழுத்தறிவும்

மலேசியாவில் தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு, இடைநிலைப்பள்ளியின் படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு) மாணவருக்கான பிடி3 தேர்வும் நின்றுபோனது. ‘எத்தனை ஏ?’ என்று கேட்டே பழகிய பெற்றோரின் கைக்கு இப்போது வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கை வருகிறது. அதில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலைகள் இருக்கின்றன. மேல்நிலைகளுக்கு ‘ஆராய்தல்’, ‘மதிப்பிடுதல்’, ‘ஏரணமாகச் சிந்தித்தல்’ போன்ற சொற்கள் விளக்கமாகத் தரப்படுகின்றன. பிள்ளை தடங்கலின்றி வாசிக்கிறான், எழுத்துப்பிழை இல்லை, பிறகு ஏன் மேல்நிலை கிடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பல பள்ளிகளில் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. கேரித் தீவிலும் கோல லங்காட் வட்டாரத்திலும் ரப்பரையும் செம்பனையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பகுதி இன்று பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்கும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கும் நகர்ந்துவிட்டது. தோட்டத்தில் வாய்மொழியாக நடந்த காரியங்கள் எல்லாம் இன்று காகிதத்திலும் கைப்பேசியிலும் நடக்கின்றன. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வாடகைக் கடிதம், கடன் விளம்பரம், புலனச் (வாட்ஸ்அப்) செய்தி என்று வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பனுவல்கள் நாள்தோறும் வீட்டுக்குள் வருகின்றன. இவற்றுள் ஒன்றுகூட மொழிப்பாட வகுப்பின் மேசைக்கு வருவதில்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

குழப்பம் தொடங்கிய இடம்

2013–2025 கல்விப் பெருந்திட்டம் ‘உயர்நிலைச் சிந்தனைத் திறன்’ என்ற தொடரைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தது. பயிற்றி நூல்கள் உடனே மாறின. ‘உன் கருத்து என்ன?’ என்றொரு கேள்வி ஒவ்வொரு பனுவலின் கீழும் சேர்ந்தது. அக்கேள்விக்கான மாதிரி விடையும் அதே நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சானது. கருத்தையும் மனப்பாடம் செய்யலாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையே, பதினைந்து வயது மாணவரைப் பல நாடுகளில் அளக்கும் பீசா ஆய்வு வந்தது. மலேசியா வாசிப்பில் 2018இல் 415 புள்ளி பெற்றது. 2022இல் அது 388ஆக இறங்கியது. பீசாவை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளது சராசரி 476. பீசா தமிழில் நடத்தப்படுவதில்லை. ஆகவே இந்த எண்ணைத் தமிழ்ப்பள்ளியின் மதிப்பெண்ணாக வாசிப்பது தவறு. ஆனால் அந்த வயதில் நம் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளியில் அமர்ந்திருக்கிறார்கள். ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளிப் படிப்பில் ஊன்றிய வாசிப்புப் பழக்கத்தோடுதான் அங்கே போகிறார்கள்.

பீசா என்ன கேட்கிறது என்பதைப் பார்த்தால் மதிப்பெண்ணைவிட முக்கியமான ஒன்று புரியும். அது வெளியிட்ட மாதிரி வினாத்தொகுதி ஒன்று ஈஸ்டர் தீவைப் பற்றியது. அத்தீவின் பெருமரங்கள் ஏன் அழிந்தன என்பது குறித்து ஒரு பேராசிரியரின் வலைப்பதிவு, ஒரு நூல் மதிப்புரை, ஓர் அறிவியல் செய்தி என மூன்று பனுவல்கள் தரப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போவதில்லை. எது நிரூபிக்கத்தக்க செய்தி, எது எழுதியவரின் கருத்து, இரு தரப்பும் எந்தச் சான்றைச் சார்ந்திருக்கின்றன என்று மாணவர் பிரித்தறிய வேண்டும். நம் கருத்துணர்தல் பயிற்சியிலோ எப்போதும் ஒரே பனுவல்தான். அந்தப் பனுவல் சொல்வதெல்லாம் சரி என்பது கேட்கப்படாத விதி.

ஒரே அறிவிப்பு, மூன்று விதக் கேள்விகள்

‘விமர்சன எழுத்தறிவு’ என்ற கலைச்சொல்லை வரையறுப்பதைவிட ஓர் எடுத்துக்காட்டில் இறங்குவது நல்லது. வகுப்புக்கென எழுதிய ஒரு மாதிரி அறிவிப்பு இது:

‘குடியிருப்பாளர்களின் நலன் கருதி, வரும் மாதம் முதல் தோட்ட வீடுகளுக்கான தண்ணீர் விநியோகம் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வரையறுக்கப்படுகிறது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. – நிர்வாகம்.’

1. கருத்துணர்தல் கேள்விகள்: எப்போது முதல் தண்ணீர் குறையும்? எத்தனை மணி நேரம் வரும்? விடை அறிவிப்புக்குள்ளேயே இருக்கிறது. தேடி எடுத்தால் போதும்.

2. உயர்நிலைச் சிந்தனை என்ற பெயரில் வழக்கமாக வரும் கேள்வி: தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த மூன்று வழிகளைக் கூறுக. விடை அறிவிப்புக்கு வெளியே இருக்கிறது. பிள்ளை சிந்திக்கத்தான் செய்கிறான். ஆனால் அறிவிப்பு போட்டுக்கொடுத்த கட்டத்துக்குள் நின்றே சிந்திக்கிறான். தண்ணீர் குறைவது முடிந்துபோன காரியம், சமாளிப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்ற இரண்டையும் கேள்வி கேட்டவரே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

3. விமர்சன எழுத்தறிவின் கேள்விகள்: வரையறுப்பவர் யார்? அவர் பெயர் ஏன் வாக்கியத்தில் இல்லை? இரண்டு மணி நேரத் தண்ணீர் யாருடைய நலன்? காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா? அலுவலகத்துக்கும் அதிகாரிகள் வீட்டுக்கும் இதே அளவுதானா? முன்கூட்டியே நன்றி சொல்வது படிப்பவரை எந்த நிலையில் நிறுத்துகிறது? இதே செய்தியைக் குடியிருப்பவர் ஒருவர் எழுதினால் எப்படி எழுதுவார்?

மூன்றாவது வரிசையில் உள்ள முதல் கேள்வியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘வரையறுக்கப்படுகிறது’ என்பது செயப்பாட்டு வினை. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவது தமிழ்ப்பாடத்தில் வழக்கமான இலக்கணப் பயிற்சி. ‘கண்ணன் பாடம் படித்தான்’ என்பதைப் ‘பாடம் கண்ணனால் படிக்கப்பட்டது’ என்று மாற்றி ஏட்டை மூடிவிடுகிறோம். எதற்காக ஒருவர் செயப்பாட்டு வினையைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்பதில்லை. செய்தவரின் பெயரைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடிக்க அது வசதி தருகிறது. ‘தீர்மானிக்கப்பட்டுள்ளது’, ‘அறிவுறுத்தப்படுகிறீர்கள்’, ‘ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது’ என்று அலுவலகத் தமிழ் முழுவதும் இந்த வசதியின் மேல்தான் நடக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, ‘படு’ வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ‘யார்?’ என்று எழுதினால் போதும். இலக்கணமும் அங்கே பயன்பாட்டுக்கு வந்துவிடுகிறது. நம் மொழிப்பாடத்திலேயே விமர்சன வாசிப்புக்கான கருவிகள் எத்தனையோ கிடக்கின்றன என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு முழுக்க நியாயமாகவும் இருக்கலாம். நீர் இறைக்கும் இயந்திரம் பழுதாகியிருக்கலாம். கேள்வி கேட்ட பிள்ளை பதிலைப் பெற்று, ‘சரி, காரணம் புரிகிறது’ என்று எழுதினால் அதுவும் முழுமையான விமர்சன வாசிப்புதான். எல்லாவற்றையும் சந்தேகிப்பவன் எல்லாவற்றையும் நம்புபவனைப் போலவே எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஆக, விமர்சன எழுத்தறிவு என்றால் இதுதான்: எந்தப் பனுவலும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நோக்கத்துக்காக, சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றை விட்டும் உருவாக்கியது என்று உணர்ந்து வாசிப்பது. அந்த உணர்வோடு, தானும் எழுதுவது.

இந்தச் சிந்தனை வந்த வழி

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் பணியிலிருந்தே பலரும் இதைத் தொடங்குவார்கள். 1963இல் அந்நாட்டின் வறண்ட வடகிழக்கில், அங்கிகோஸ் என்ற சிற்றூரில், ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு புகட்டும் முயற்சியை அவர் குழு நடத்தியது. அகரவரிசையில் தொடங்கவில்லை. ‘செங்கல்’ போன்ற, அவர்கள் உழைப்பில் அன்றாடம் புழங்கிய சொற்களை எடுத்தார்கள். செங்கல்லைச் சுமப்பவர் யார், அதில் எழும் வீட்டில் வாழ்பவர் யார் என்று பேசினார்கள். பிறகு அச்சொல்லின் அசைகளைப் பிரித்து எழுதக் கற்றார்கள். அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லை. எழுத்தறிவு நேரடியாக அரசியல் உரிமையாக இருந்தது. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரெய்ரே சிறையிடப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

பள்ளி வகுப்பறைக்கு ஏற்ற வடிவம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பீட்டர் ஃபிரீபாடி, ஆலன் லூக் இருவரும் 1990இல், வாசகர் ஒருவர் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும் என்று வகுத்தார்கள்:

1. எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிப்பது.
2. பொருளை உணர்வது.
3. பனுவலை உரிய இடத்தில் பயன்படுத்துவது. விண்ணப்பத்தை விண்ணப்பமாக, அறிவிப்பை அறிவிப்பாகக் கையாள்வது.
4. பனுவலை ஆராய்வது. யார் குரல் கேட்கிறது, யார் குரல் கேட்கவில்லை என்று பார்ப்பது.

இந்த நான்கையும் ஏணிப்படிகளாக எண்ணுவதுதான் பள்ளிகளில் நடக்கும் பெரிய பிழை. ‘முதலில் இவன் சரளமாக வாசிக்கட்டும், ஆராய்ச்சியெல்லாம் படிவம் நான்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறோம். ஃபிரீபாடியும் லூக்கும் சொன்னது நான்கும் ஒருங்கே வளர வேண்டும் என்பது. முதலாம் ஆண்டுப் பிள்ளையும், ‘இந்தப் படக்கதையில் அம்மா ஏன் எப்போதும் சமையலறையிலேயே இருக்கிறார்?’ என்று கேட்க முடியும்.

தென்னாப்பிரிக்காவின் ஹிலரி ஜாங்க்ஸ் சொல்லும் ஒரு சிக்கல் நமக்கு மிக அருகில் இருக்கிறது. ஆதிக்கம் பெற்ற மொழியை மட்டுமே கற்பித்தால் வீட்டுமொழி தாழ்ந்துபோகிறது. ஆதிக்க மொழியைக் கற்பிக்காமல் விட்டால் பிள்ளைக்கு வேலையும் உயர்கல்வியும் எட்டாமல் போகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் பிள்ளை இந்தச் சிக்கலில்தான் வாழ்கிறது. என் பார்வையில் இதிலேயே ஒரு பலமும் இருக்கிறது. ஒரே செய்தியைத் தமிழ் நாளிதழிலும் மலாய் நாளிதழிலும் ஒப்பிட்டுப் படிக்கக்கூடிய பத்து வயதுப் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. தலைப்பில் எது வந்தது, முதல் பத்தியில் யார் பேசுகிறார், எது ஒரு பத்திரிகையில் இருந்து மற்றதில் இல்லை என்று பார்ப்பதற்கு இவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

தோட்டத்து மண்ணுக்கு இது அந்நியமா?

‘கேள்வி கேட்பது நம் பண்பாட்டில் இல்லை, மேலை நாட்டுச் சரக்கு’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது.

தோட்டப்பள்ளிகள் தோன்றிய விதம் கேள்விக்கு இடம் தராத ஒன்றுதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்குமேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்துவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. பல இடங்களில் கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) பாடம் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. வேலைநாளையும் கூலியையும் பதியும் செக்ரோல் ஏட்டைச் சரிபார்க்கும் அளவுக்குத் தொழிலாளி வாசிக்க வேண்டும் என்று யாரும் விரும்பவில்லை.

இருந்தும் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு, துரைமாரையும் தோட்ட அதிகாரிகளையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அன்றாட வழக்கம் ஒன்றை ‘இது இயற்கை அல்ல, ஒருவர் இன்னொருவர்மேல் சுமத்தியது’ என்று அடையாளம் கண்டு, எழுத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவான விமர்சன எழுத்தறிவு எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். 1941 மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஈராண்டு கழித்து வேறொரு பனுவல் தோட்டங்களுக்குள் வந்தது. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் சேர்க்க, இரண்டாம் உலகப்போரில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானிய நிர்வாகம் முதலில் விளம்பரம் செய்தது. நல்ல கூலி, குறுகிய கால ஒப்பந்தம், குடியிருப்பு எல்லாம் உண்டு என்றது. 415 கிலோமீட்டர் நீளப் பாதையில் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர். விளம்பரத்துக்கு ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். ஆகவே, ‘ஆராய்ந்து வாசித்திருந்தால் தப்பியிருப்பார்கள்’ என்று சொல்வது மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் அந்த வாக்குறுதிகளின் மொழியை வரலாற்று வகுப்பில் பிரித்துப் படிப்பது, இன்று வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டி இளைஞரை இணைய மோசடி முகாம்களில் அடைக்கும் விளம்பரங்களை அறிந்துகொள்ளக் கைகொடுக்கும்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றமும் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பும் தோட்டத்துப் பிள்ளைகளையும் இளைஞரையும் எழுத வைத்தன. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அவ்வழியாக உருவானது. எழுதினால் அச்சில் வரும், யாரோ படிப்பார், பதில் எழுதுவார் என்ற நம்பிக்கை அன்று ஒரு பால்மரத் தொழிலாளியின் மகனுக்கு இருந்தது. இன்று வகுப்பில் எழுதும் கட்டுரைக்கு ஆசிரியரைத் தவிர வாசகர் இல்லை.

வாசிப்பு வகுப்பில் என்ன செய்யலாம்?

மூன்று பனுவல்களைச் சொல்கிறேன். மூன்றும் பந்திங் கடைத்தெருவிலும் வீட்டிலும் கிடைப்பவை.

1. கடன் விளம்பரம். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும்: ‘உடனடிப் பணம்! அடையாள அட்டை போதும். பிணையாளர் வேண்டாம். வட்டி 2 விழுக்காடு மட்டுமே!’ இரண்டு விழுக்காடு எந்தக் காலத்துக்கு என்பது அதில் இல்லை. மாதத்துக்கு என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டத்தின்படி, உரிமம் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும், ஈடு வைத்த கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்கக்கூடாது. 5,000 ரிங்கிட்டை ஓராண்டுக்குக் கடன் வாங்கினால், சட்டப்படி மிக அதிகமான வட்டி 900 ரிங்கிட். விளம்பரத்தின் கணக்கு 1,200 ரிங்கிட். உரிம எண் எங்கே, விளம்பர அனுமதி எண் எங்கே, முகவரி எங்கே என்று பிள்ளைகள் தேட வேண்டும். பிறகு, ‘பிணையாளர் வேண்டாம்’ என்ற வரி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்க வேண்டும். வங்கி கைவிரித்த, உறவினரிடம் மீண்டும் கேட்கக் கூசுகிற ஒருவரை அது தேடுகிறது. ‘மட்டுமே’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் வேலையை அப்போது பிள்ளை கண்டுகொள்ளும். இப்பாடத்தில் கணக்கும் மொழியும் சேர்ந்தே நடக்கின்றன. இரண்டு ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டால் நல்லது.

2. சம்பளச் சீட்டு. மாதம் 1,700 ரிங்கிட், அதாவது 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம், பெறும் ஒருவரின் மாதிரிச் சீட்டை எடுங்கள். சேமநிதிக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், கழிக்கப்பட்டிருக்கும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 221 ரிங்கிட், சேர்க்க வேண்டும். சீட்டில் கழிவு இருக்கிறது என்பதாலேயே பணம் சேமநிதிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருளில்லை. சேமநிதி அறிக்கையில் அந்த மாதத்துக்கு 408 ரிங்கிட் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஒரு பனுவலை இன்னொரு பனுவலால் சோதிப்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. பிள்ளைகளிடம் சொந்த வீட்டுச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லக்கூடாது. மாதிரியே போதும்.

3. புலனத்தில் சுற்றும் செய்தி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்று ஆய்வாளர் பத்துப் பேர், செய்தி சரிபார்ப்பவர் பத்துப் பேர், மாணவர் 25 பேர் என 45 பேர் இணையத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். மாணவரும் ஆய்வாளரும் பெரும்பாலும் ஒரு பக்கத்திலேயே நின்று, அதன் அழகையும் முத்திரையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ உடனே அப்பக்கத்தைவிட்டு வெளியேறி, இதை வெளியிட்டவர் யார் என்று மற்ற இடங்களில் தேடினார்கள். பனுவலுக்குள் ஆழ்ந்து படிப்பது மட்டுமே நல்ல வாசிப்பு என்று சொல்லிவந்த ஆசிரியர்கள், எப்போது வெளியேற வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நாட்டின் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017 முதல் நடத்திவரும் செபெனார்ஞா என்ற செய்தி சரிபார்ப்புத் தளத்தில் தேடிப் பார்ப்பதை ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரே பாடவேளையில் பழக்கலாம். பணம் பறிபோகும் மோசடியென்றால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணை வீட்டில் ஒட்டிவைக்கச் சொல்லலாம்.

எழுதும் வகுப்பு: கவனிக்கப்படாத பாதி

விமர்சன எழுத்தறிவைப் பற்றிப் பேசுவோர் பலரும் வாசிப்போடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இது பெருங்குறையாகப் படுகிறது. ஒரு விளம்பரத்தைத் தானே எழுதிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அடுத்தவர் விளம்பரத்தின் சூட்சுமம் புரியும். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று எழுதும்போது அவள் முடிவெடுக்கிறாள். அந்த முடிவுகளைத் தன் கையால் எடுத்தவளை இன்னொருவர் அதே முடிவுகளால் எளிதில் ஏமாற்ற முடியாது.

நம் எழுத்துப்பாடத்தில் நடப்பது என்ன? ‘நான் ஒரு பேனா’ என்று தன்கதை, ‘தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்’ என்று கருத்து விளக்கம். இரண்டுக்கும் மாதிரிக் கட்டுரைகள் உண்டு. அவற்றில் இன்ன இடத்தில் இன்ன பழமொழி, இன்ன இடத்தில் இன்ன உவமைத்தொடர் என்று மனப்பாடம். கேள்வி கேட்காமல் ஏற்பதற்கான பயிற்சி எழுத்துப்பாடத்திலேயே இப்படி ஆறாண்டு நடக்கிறது. மெய்ப்பொருள் காண்பது அறிவு என்ற குறளடியையும் பிள்ளைகள் அதே மனப்பாட வரிசையில்தான் ஒப்பிக்கிறார்கள்.

மாற்றாகச் சிலவற்றைச் செய்யலாம்:

1. மேலே கண்ட தண்ணீர் அறிவிப்பை மூன்று பேர் எழுதுவது. நிர்வாகி ஒருவர், கைக்குழந்தையுள்ள தாய் ஒருவர், குழாயைப் பழுதுபார்ப்பவர் ஒருவர். செய்தி ஒன்றே, வினைமுற்றுகள் மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

2. கடன் விளம்பரத்தை உண்மை முழுவதும் தெரியும்படி திருத்தி எழுதுவது. பிறகு வகுப்பில் கேட்பது: இப்போது யாராவது கூப்பிடுவார்களா?

3. பாட்டியிடமோ தாத்தாவிடமோ பெரட்டுக்களம் (விடியலில் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் எடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்), தோட்டப்பள்ளி பற்றிக் கேட்டு எழுதி, பாடநூலில் தோட்டம் பற்றி வரும் பத்தியோடு ஒப்பிடுவது. பாடநூலில் ஏற்றுமதி அளவு இருக்கும், பாட்டி விடியற்காலை மணிச்சத்தத்தைச் சொல்வார். எது சரி என்று தீர்ப்பளிக்கத் தேவையில்லை. இரண்டும் யாருக்காக எழுதப்பட்டன என்று பேச வேண்டும்.

4. உண்மையான வாசகருக்கு எழுதுவது. பள்ளிக்கு முன்னால் நடைபாதை உடைந்திருக்கிறது என்றால் நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம். தமிழில் எழுதிப் பார்த்து, மலாயில் எழுதி அனுப்ப வேண்டும். பதில் வந்தால் அதுவும் அடுத்த வாரப் பனுவல்.

நான்காவது பயிற்சியில்தான் மொழித்திறன் மிகக் கூர்மையாக வளர்கிறது. பிழையான கடிதம் மதிப்பை இழக்கும் என்று பிள்ளைக்கே தெரிவதால் எழுத்துப்பிழையைத் திருத்த ஆசிரியர் வற்புறுத்த வேண்டியதில்லை.

எழும் மறுப்புகள்

‘மூத்தோரை மதிக்காத பிள்ளைகள் உருவாகிவிடுவார்கள்’ என்பது வீடுகளில் எழும் அச்சம். கேட்கும் முறையைக் கற்பிப்பதும் மொழிப்பாடத்தின் வேலைதான். ‘ஐயா, இந்த முடிவுக்குக் காரணம் அறிய விரும்புகிறோம்’ என்று மரியாதையோடு எழுதும் பிள்ளை எவரையும் அவமதிக்கவில்லை.

‘வகுப்பில் பாதிப் பேர் இன்னும் சரளமாக வாசிப்பதில்லை’ என்பது ஆசிரியர்களின் மறுப்பு. இது உண்மையான சுமை. அதற்காகவே குறும்பனுவல்களை எடுக்க வேண்டும். மூன்று வரி அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் ‘யார்?’ என்று கேட்கலாம்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் பொறுப்போடு எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் எஞ்சியுள்ள குடும்பங்கள் நிர்வாகத்தின் வீட்டில் வாழ்கின்றன. வேலை போனால் வீடும் போகும். பிள்ளை பள்ளியில் எழுதியது குடும்பத்துக்குத் தொல்லையாகலாம். ஆசிரியர் அரசு ஊழியர், அவருக்கும் எல்லைகள் உண்டு. எனவே நடப்புப் பிரச்சினையில் உள்ள தோட்டத்தின் பெயரை வகுப்புக்குள் இழுக்கக்கூடாது. மாதிரிப் பனுவல்களையும் பழைய வரலாற்றையும் வைத்தே பயிற்சி நடக்க வேண்டும். பழக்கம் ஊன்றிவிட்டால் அதை எங்கே பயன்படுத்துவது என்பதைக் குடும்பமும் பிள்ளையும் முடிவு செய்வார்கள். ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு எட்டு வார முன்னறிவிப்பும், ஆட்குறைப்பென்றால் ஆண்டுக்கு 20 நாள் ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. வேலைநீக்கக் கடிதத்தில் இவை விடுபட்டிருக்கின்றன என்பதை மேசையில் அமர்ந்து கண்டுபிடிக்கக்கூடிய மகள் வீட்டில் இருப்பது சிறிய காரியமன்று.

மதிப்பிடுவது எப்படி, பெற்றோர் பார்ப்பது எதை?

இதை மதிப்பெண்ணாக்கும்போதுதான் பழைய வழக்கம் மீண்டும் நுழைகிறது. ‘சரியான’ விமர்சனம் என்று ஒரு விடையை எதிர்பார்த்தால் பயிற்றி நூலின் கடைசிப் பக்கத்துக்கே திரும்பிவிடுவோம். ஆசிரியர் பார்க்க வேண்டியவை வேறு: பிள்ளை கேட்ட கேள்வி பனுவலில் உள்ள ஒரு சொல்லையோ விடுபட்ட ஒரு தகவலையோ சுட்டுகிறதா? கருத்துக்குச் சான்று காட்டுகிறதா? எதிர்ச்சான்று கிடைத்தபோது கருத்தை மாற்றிக்கொள்கிறதா? கடைசியாகச் சொன்னதற்கு மற்ற இரண்டையும்விடக் கூடுதல் மதிப்புத் தருவேன்.

பெற்றோர் பயிற்றேட்டைத் திறந்ததும் ஒன்றைக் கவனிக்கலாம். கேள்விகள் அனைத்தும் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதியவையா, பிள்ளை தானே உருவாக்கியவையும் இருக்கின்றனவா? முப்பது ஏடுகளிலும் ஒரே விடை ஒரே சொற்களில் இருந்தால், அடைவுநிலை ஆறு என்று அறிக்கை சொன்னாலும் அதைப் பற்றி ஆசிரியரிடம் பேசுவது தகும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதில் ஒரு வேலை செய்யலாம். வீடுகளில் சேர்ந்துகிடக்கும் பழைய அறிவிப்புகள், விளம்பரத் தாள்கள், கடன் சீட்டுகள், தேர்தல் துண்டறிக்கைகள் ஆகியவற்றைப் பெயரும் முகவரியும் நீக்கிச் சேகரித்துத் தந்தால் பள்ளிக்குச் செலவில்லாத ஒரு பனுவல் தொகுப்பு உருவாகும். தவணைக்குப் பத்துப் பனுவல் போதும். வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒரே தொகுப்பைச் சுழற்றிப் பயன்படுத்தினால், பத்து வயதில் கேட்ட கேள்வியையும் பன்னிரண்டு வயதில் கேட்கும் கேள்வியையும் அருகருகே வைத்துப் பிள்ளையின் வளர்ச்சியை ஆசிரியரால் அளக்க முடியும்.